பகலில் தூங்குகிறவனுக்கு ஒரு கூரை

அந்த மாசி மாதத்தில் மட்டும் ஜெபக்குமார் தூங்கிப் பார்த்த இடங்கள் ஏழு. சொந்த வீட்டுக் கட்டில், கட்டிலுக்கு அடியில் ஈரத்துணி போட்டுத் துடைத்த தரை, பின்பக்க வேப்ப மரத்தடி, சபையின் கடைசி பெஞ்சு, கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டு, மச்சினன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, கடைசியாக நெடுஞ்சாலை ஓரத்து ஏடிஎம். ஏடிஎம்மில்தான் நல்ல தூக்கம் வந்தது, ஏசி இருந்ததே. அரை மணி நேரத்தில் காவலாளி வந்து தட்டி எழுப்பி, “இன்னா சார், கார்டு மாட்டிக்கிச்சா?” என்று கேட்டார். ஜெபக்குமார் ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தான். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில் பொய் சொல்லக் கூடாதென்று அவனுக்குத் தெரியும். ஆனால் தூக்கம் கெட்ட மனிதனுக்குப் பத்துக் கட்டளையும் வரிசையாக நினைவிருக்காது.

மண்ணூரில் பள்ளிக்கூடத் தெருவின் கடைசி வீடு அவனுடையது. இரண்டு அறை, செங்கல் சுவர், மேலே சிமெண்ட் ஷீட். காலை ஏழேகாலுக்கு அவன் நைட் ஷிஃப்ட் முடித்து வருவான். எட்டு மணிக்குப் படுத்தால் பத்து வரைக்கும் ஏதோ கண் அசரும். பத்தரைக்கு ஷீட் காயத் தொடங்கும். பதினோரு மணிக்கு ஃபேன் சூட்டைக் கிளறிக் கிளறிக் கீழே தள்ளும். ஷீட்டின் மேல் தென்னங்கீற்று பரப்பிப் பார்த்தாயிற்று, சுண்ணாம்பு அடித்துப் பார்த்தாயிற்று, கோணிச்சாக்கை நனைத்துப் போட்டும் பார்த்தாயிற்று. சாக்கு காய்வதற்கு இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷத்துக்காக ஏணியில் ஏறி இறங்கினால் இருக்கிற தூக்கமும் போய்விடுகிறது.

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் பகலில் தூங்குகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. வீடு கட்டுகிறவர்கள் மட்டும் மனுஷன் ராத்திரியில்தான் தூங்குவான் என்று நினைத்துக்கொண்டே கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனைக்குக் கிளம்பும் முன்னால், அவன் மனைவி எவாஞ்சலின் அவனுடைய வேலைத் துணிகளைச் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்தாள். கிளவுஸை உதறினாள். வலது கை கிளவுஸில் ஆள்காட்டி விரலின் நுனி இல்லை.

“இது இன்னாங்க?”

“கம்பில மாட்டிக்கினு கிழிஞ்சிச்சு.”

எவாஞ்சலின் வயர் செட் செய்யும் ஒரு கம்பெனியில் ஆறு வருஷமாக இன்ஸ்பெக்‌ஷனில் இருப்பவள். வெளியிலிருந்து வந்து இறங்கும் சாமான்களை லைனுக்குள் விடலாமா, திருப்பி அனுப்பலாமா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. கிழிசலுக்கும் வெட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள்?

“கிழிஞ்சா நூலு தொங்கும். இது வெட்டுனது. ஓரம் பாருங்க, எவ்ளோ சுத்தமா கீதுன்னு. சொல்லுங்க.”

ஜெபக்குமார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அவன் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன். தகட்டை உள்ளே வைப்பான், மேலிருந்து அச்சு இறங்கும், எடுப்பான். ஒரு ராத்திரிக்கு ஆயிரத்து எண்ணூறு தரம்.

“காலைல நாலு மணி இருக்கும். கண்ணு தொறந்துகினுதான் இருந்துது எவா, சத்தியமா. ஆனா நான் தூங்கிட்டேன். பக்கத்து மெஷின்ல வசந்த் இல்ல, அவன்தான் கத்துனான். அவன் கத்தலைனா...”

“சூப்பர்வைசருக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா இன்னைக்கு நான் இங்க நின்னுகினு பேசுவனா? காண்ட்ராக்டர் ஒரு போன்ல வூட்டுக்கு அனுப்பிடுவான்.”

“ஷிஃப்ட் மாத்திக் கேளுங்க.”

“கேட்டேன். நைட்டுக்குத்தான் ஆள் வேணும், முடியலைனா வேற ஆளு இருக்குதுன்றான்.”

 ஆராதனையில் பாட்டு பாடும்போது அவள் அழுதாள். பக்கத்து வரிசைக்காரர்கள் பாட்டு மனதைத் தொட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். வீடு திரும்பும் வழியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“கத்திரி வெயில் வர்றதுக்குள்ள கூரைய மாத்தறோம். மாசிக்கே இப்டினா மே மாசத்துல ஒங்க வெரலு கைல இருக்காது.”

சொல்வது சுலபம். யாரைக் கூப்பிடுவது? இந்தப் பக்கத்தில் காண்ட்ராக்டர் என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவனும் காண்ட்ராக்டர், கேன்டீன் நடத்தி உப்பில்லாத சாம்பார் ஊற்றுகிறவனும் காண்ட்ராக்டர், தார் ரோடு போட்டு ஒரே மழையில் கரைய விடுகிறவனும் காண்ட்ராக்டர். பதினோரு வருஷத்தில் நாலு காண்ட்ராக்டருக்குக் கீழே வேலை பார்த்தவன் ஜெபக்குமார். அவன் சொந்தமாக ஒரு காண்ட்ராக்டரை வைப்பது இதுதான் முதல் தரம்.

“நம்ம ஃபிரடி இருக்கான்ல,” என்றான். ஃபிரடி அவனுடைய பெரியம்மா மகன். படப்பையில் ஷீட் வேலை எடுத்துச் செய்கிறான், வெள்ளைக் காரில் வருகிறான். “சொந்தக்காரன். ஏமாத்த மாட்டான்.”

“வரச் சொல்லுங்க. பாப்போம்.”

அடுத்த நாள் மாலை ஃபிரடி வந்தான். மேலே ஏறிப் பார்க்கவில்லை. வாசலில் நின்றபடியே கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, செல்போனில் படம் காட்டத் தொடங்கினான். நீலக் கூரை, சிவப்புக் கூரை, ரிப்பன் கட்டிய கூரை.

“அண்ணி, இதெல்லாம் பாருங்க. இது வந்து கூலிங் ஷீட். அடில சில்வர் ஃபாயில் இருக்கும். வெயில் அப்டியே ரிட்டர்ன் ஆயிடும். நம்ம அண்ணன் வூடு, நான் சும்மா விடுவனா? ரெண்டே நாள்.”

அவன் கையோடு கொண்டு வந்திருந்த மாதிரித் துண்டை எவாஞ்சலின் வாங்கினாள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்ல வளைத்துப் பார்த்தாள்.

“எவ்ளோ கனம் இது?”

“பாயிண்ட் ஃபைவ் எம்எம் அண்ணி. ஹெவி.”

“பெயிண்ட சேத்தா, சேக்காமயா?”

ஃபிரடி சிரித்தான். செல்போனில் அடுத்த படத்தைத் தள்ளிக் காட்டினான். எவாஞ்சலினும் விடவில்லை, வேறு ஒன்று கேட்டாள்.

“சரி தம்பி, ஒன்னோட ரெட் பின் எங்க இருக்கு?”

“ரெட் பின்னா?”

“அதான், ரெட் பின்.”

“ஓ, குப்பையா? கவலைய வுடுங்க அண்ணி. வேலை முடிஞ்சா பழைய ஷீட்டு, வேஸ்ட்டு எல்லாத்தையும் நாங்களே வண்டில ஏத்திகினு போயிடுவோம். ஒரு ஆணி கெடக்காது.”

ஜெபக்குமாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எந்தக் கம்பெனிக்குள் போனாலும் ஒரு சிவப்புத் தொட்டி இருக்கும். தப்பாக வந்த பீஸை அதில்தான் போட வேண்டும், போட்டு என்ன தப்பு, யார் செய்தது என்று சீட்டு கட்ட வேண்டும். சப்ளையர் கம்பெனிகளுக்குச் சோதனைக்குப் போகும்போது எவாஞ்சலின் முதலில் பார்ப்பது அதைத்தான். தொட்டி நிறைந்திருந்தால் அவள் பயப்பட மாட்டாள். காலியாக இருந்தால்தான் பயப்படுவாள்.

“குப்பை இல்ல தம்பி. நீ போட்ட கூரைங்கள்ல எதனா ஒழுகுனது, பறந்துபோனது, சரியா வராதது இருக்கும்ல. அந்த வூட்டக் காட்டு. நான் போய்ப் பாத்துட்டு வரேன்.”

“அய்யோ அண்ணி! என் சர்வீஸ்ல ஒரே ஒரு கம்ப்ளெய்ண்ட்டு கூட கெடையாது. கர்த்தர் மேல சத்தியம்.”

“கர்த்தர ஏன்பா கூரை மேல ஏத்தற?” என்றாள் எவாஞ்சலின். காபி கொடுத்து அனுப்பினாள்.

ஃபிரடியின் கார் தெருமுனை திரும்பியதும் ஜெபக்குமார் பிடித்துக்கொண்டான். “நீ இன்னா, அவன சப்ளையர் மாதிரி நிக்க வெச்சு ஆடிட் பண்ற? பெரியம்மா கேள்விப்பட்டா சும்மா இருப்பாங்களா? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு யாரு வந்து நிப்பா?”

“நல்லது கெட்டதுக்கு வரட்டும். கூரைக்கு வாணாம்.”

“ஒனக்கு என் ஆளுங்களப் புடிக்காது. அதான் விஷயம்.”

“ஒங்க ஆளப் புடிக்கும். ஒங்க கையும் எனக்குப் புடிக்கும். ரெண்டுல எதுன்னு கேட்டா கைதான்.”

அதற்கப்புறம் இரண்டு நாள் அவர்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவள் ஐந்தேகாலுக்குக் காலை பஸ் ஏறுகிறவள், அவன் ஏழேகாலுக்கு வந்து இறங்குகிறவன். சாதாரண நாளிலேயே அவர்களுக்குச் சண்டை போட நேரம் குறைவு.

அடுத்து வந்தவர் சென்னையில் பெரிய போர்டு வைத்த ஒரு கம்பெனிக்காரர், பெயர் தமிழ்வாணன். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. சுவரில் சிவப்புப் புள்ளி அடித்து அளவு சொன்னது. பத்து வருஷ கியாரண்டி என்று அச்சடித்த தாளைக் கொடுத்தார். எவாஞ்சலின் அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். அவருக்கு ரெட் பின் என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. அதனால் அழகாக இங்கிலீஷ் கலந்து, “எங்க ரிஜெக்‌ஷன் ரேட் ஜீரோ மேடம்” என்றார். எவாஞ்சலின் அந்தத் தாளை மடித்து பைபிளுக்குள் வைத்தாள். பிறகு எடுக்கவே இல்லை.

பங்குனி பிறந்துவிட்டது. ஜெபக்குமாரின் கண்ணுக்குக் கீழே கரி பூசியது போல் ஆகிவிட்டது. தினமும் அதிகாலை நாலு மணிக்கு எவாஞ்சலினுக்குத் தானாக விழிப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்து வசந்துக்கு ஒரு மெசேஜ் போடுவாள். ‘அவரப் பாத்துக்கோ தம்பி.’ வசந்த் ஒரு கட்டைவிரலை அனுப்புவான். அது வந்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

மூன்றாவது ஆளைச் சொன்னது தேவிப்பிரியா, எவாஞ்சலினோடு கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண். இருங்காட்டுக்கோட்டையில் மாடி மேல் போட்ட வரிசை அறைகளில் ஒன்றில் ஆறு பேராகத் தங்கியிருந்தாள்.

“எங்க ஓனரு வூட்டு மாடிக்கு ஒருத்தரு கூரை போட்டாரு, அக்கா. எங்கள்ல நாலு பேர் நைட்டு. பகல் பூரா தூங்கறாங்க. அந்தாளுக்குப் பேசவே வராது, ஆனா தூக்கம் வருது.”

இப்படித்தான் பேச்சிராஜ் வந்தார். கோவில்பட்டிப் பக்கத்து ஆள், ஒரகடத்துக்கு வந்து பதினாறு வருஷம். நாற்பத்தைந்து வயது இருக்கும். டிவிஎஸ் வண்டியின் பின்னால் ஏணியைப் படுக்க வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் ஒன்றும் பேசாமல் மேலே ஏறினார். இறங்கி வந்து அறைக்குள் போனார். ஜன்னலில் ஆணி அடித்து மாட்டியிருந்த போர்வையைத் தொட்டுப் பார்த்தார்.

“பகல்ல யாரு தூங்குதா?”

“நான்தான்,” என்றான் ஜெபக்குமார்.

“ம். அப்பம் மழைக்கு இல்ல, தூக்கத்துக்குக் கூரை.” மேற்குச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். “மேல மட்டும் மாத்தினா காணாது, அண்ணாச்சி. இந்தச் சொவரு மத்தியானம் ரெண்டு மணில இருந்து வெயில வாங்கி வாங்கி உள்ள குடுக்கு. மேற்க ரெண்டு அடி தாழ்வாரம் நீட்டணும். கூரைக்கு பஃப் பேனல் போடணும். ரெண்டு தகட்டுக்கு நடுவுல நுரை இருக்கும், கிரீம் பிஸ்கட்டு மாதிரி.”

“சில்வர் ஃபாயில்?” என்றான் ஜெபக்குமார், ஃபிரடி ஞாபகத்தில்.

“அது எலிக்கு நல்லது. கடிச்சு மெத்தை போட்டுக்கிடும்.”

எவாஞ்சலின் தன் கேள்வியைக் கேட்டாள்.  பேச்சிராஜ் வேப்ப மரத்தைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். கேட்டது புரியவில்லையோ என்று அவள் மறுபடி விளக்கப் போனாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“புரியுது, யக்கா. எதைச் சொல்லன்னு யோசிக்கேன். சின்னச் சின்னதா நாலு இருக்கு. பெருசா ஒண்ணு. மணிமங்கலத்துல. வாரியளா? ஆனா அந்த ஐயா ஏசுவாரு. எம்மேல உள்ள கோவத்துல உங்களையும் சேத்து ஏசுனாலும் ஏசுவாரு.”

“ஞாயித்துக்கெழமை வரோம்,” என்றாள் எவாஞ்சலின். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சிவப்புத் தொட்டிக்குள் கையை விட்டு எடுத்துக் காட்டுகிற ஒருவனை ஒருவழியாகப் பார்த்துவிட்டாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டு வண்டியில் போனார்கள். மணிமங்கலத்தில் ஏரிக்கரையை ஒட்டிய வீடு. பழனிவேல் என்கிற அறுபது வயதுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். பேச்சிராஜைப் பார்த்ததும் தொரட்டியைக் கீழே போட்டார்.

“வாய்யா! நீயே வந்துட்டியா? இன்னா தைரியம்! பங்கஜம், யாரு வந்துகீறான் பாரு! யாரு இவுங்க?”

“புதுசா கூரை போடப் போறாங்க ஐயா. நான் போட்டதுல கெட்டுப் போனதக் காட்டுன்னு கேட்டாவ. அதான் கூட்டியாந்தேன்.”

 பழனிவேலுக்குப் பிறந்தநாள் வந்தது போல ஆகிவிட்டது.

“கேளும்மா கேளு! நல்லா கேளு! டிசம்பர் மழைல நடு வூட்ல குண்டான் வெச்சுப் புடிச்சேன் நானு. ஒரு குண்டான் இல்ல, மூணு! புதுக் கூரை, போட்டு நாலு மாசம் ஆவல. போன் போட்டேன். ரோட்ல முட்டிக்கால் தண்ணி ஓடிகினு கீது. இவன் வண்டியத் தள்ளிகினு வரான், மூஞ்சிலாம் சேறு. மேல ஏறி என்னமோ பசைய அடிச்சான். நின்னுதா? நிக்கல. மறுநாள் மறுபடி போன் போட்டேன், மறுபடி வரான். காய்ச்சல்ல வரான்! ஸ்வெட்டர் போட்டுகினு! நான் கேக்கறேன், காய்ச்சல்ல ஒருத்தன் கூரை மேல ஏறுவானா? வழுக்கி வுழுந்தா என் வூட்ல இல்ல கொலக் கேஸு வரும்? அறிவு வாணாம்?”

“மூணாம் வாட்டியும் வந்தாரும்மா,” என்றார் உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி பங்கஜம். கையில் கேழ்வரகுக் கூழ் இருந்த சட்டி, மேலே சின்ன வெங்காயம். “மொதல்ல குடிங்க. இவரு கத்தறத நிறுத்த ஒரு மணி நேரம் ஆவும்.”

கூழ் குடித்தார்கள். மோர் மிளகாய் வறுத்து வைத்திருந்தார். ஜெபக்குமார் இரண்டு தரம் வாங்கிக் குடித்தான். கூழ் உள்ளே இறங்கியதும் அவன் கண் சொக்கியது, எவாஞ்சலின் முழங்கையால் இடித்தாள்.

“எதுனால ஒழுகுச்சு?” என்று அவள் பேச்சிராஜைக் கேட்டாள்.

“வாட்டம் போதல, யக்கா. தண்ணி ஓடணும்னா ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் தாழ்ந்து இருக்கணும்லா. இங்க முன் சொவரும் பின் சொவரும் கிட்டத்தட்ட ஒரே உசரம். பின் சொவர மூணு வரிசை கல்லு ஏத்தணும்னு சொன்னேன். ஐயா வேண்டாம்னாரு. சரின்னுட்டேன். தண்ணி ஓடாம நின்னு, ஸ்க்ரூ வழியா எறங்கிட்டு. தப்பு எம்மேலதான்.”

“நான் வாணாம்னேன், நீ ஏன் கேட்ட?” பழனிவேல் மறுபடி எழுந்தார். “டாக்டர்கிட்ட ஊசி வாணாம்னு சொன்னா அவரு வுட்ருவாரா? நான் விவசாயம் பண்றவன், எனக்கு இன்னா தெரியும் வாட்டத்தப் பத்தி? தெரிஞ்சவன் நீ! நீ இல்ல என்னைத் திட்டிருக்கணும்?”

“ஆமா ஐயா.”

“ஆமாவாம். இந்தாம்மா, பொங்கல் கழிச்சு வந்தான். மொத்தக் கூரையும் கழட்டுனான், சொவரு ஏத்துனான், திரும்பப் போட்டான். காசு கேக்கல. இப்ப சரியாதான் கீது. ஆனா இன்னும் மழை பெய்யல. பெய்யட்டும், அப்புறம் சொல்றேன் இவன் நல்லவனா கெட்டவனான்னு.”

கிளம்பும்போது எல்லோருக்கும் ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்தார். பேச்சிராஜுக்குக் கொடுத்த கட்டுதான் பெரியது.

ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி ஜெபக்குமார் முகம் கழுவிக்கொண்டான்.

“திட்டுறாரா, புகழ்றாரான்னே புரியல எவா.”

“எனக்குப் புரிஞ்சிச்சு.”

“ஃபிரடிகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் சொல்லாத. என் தம்பி, நான்தான் சொல்லணும்.”

இரண்டு வாரமாக அவள் கேட்கக் காத்திருந்தது இதைத்தான். ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை. வண்டியில் உட்கார்ந்து அவன் தோளில் கையை வைத்தாள். ஃபிரடி கோபித்துக்கொண்டான். பெரிய வெள்ளியன்று சபையில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஈஸ்டருக்கு பிரியாணி வாசனை அடித்ததும் வந்துவிட்டான், அது வேறு கதை.

பணம் புரட்டி, பேனல் வந்து சேர்வதற்குள் சித்திரை பிறந்துவிட்டது. அப்புறமும் ஒரு சிக்கல் வந்தது. வேலை தொடங்குவதற்கு முதல் நாள் பேச்சிராஜ் கிழக்குச் சுவரில் மூன்று வரிசை கல் ஏற்ற வேண்டும் என்றார். எவாஞ்சலின் விரல் விட்டு நாள் எண்ணினாள். சுவர் வேலை என்றால் இன்னும் நாலு நாள், கத்திரியோ வாசலில் நிற்கிறது.

“இருக்கிற சொவரு மேலயே போட்டுடுங்களேன். வாட்டம் கொஞ்சம் கொறைஞ்சா இன்னா ஆயிடும்?”

“அப்பம் நான் செய்யல, யக்கா.”

“இன்னாது?”

“வேற ஆள வெச்சுக்கிடுங்க. எனக்குச் சங்கடமில்ல. மணிமங்கலத்துல ஒரு தடவ சரின்னு சொல்லிட்டு நாலு மாசம் தூங்கல நான். ராத்திரி மழை பெஞ்சா எந்திரிச்சு உக்காந்துக்கிடுவேன், அவுக வீட்டுக் குண்டான் சத்தம் எனக்குக் கேக்கும். எம்பொண்டாட்டி தங்கமாரி சொல்லிட்டா, இனிமே யாருக்கும் தலையாட்டினா வீட்டுக்குள்ள வராதீயன்னு.”

எவாஞ்சலின் கணவனைப் பார்த்தாள். ஜெபக்குமார், “கல்லு நான் எறக்கி வெக்கறேன் காண்ட்ராக்டர்,” என்றான்.

“காண்ட்ராக்டர்னு சொல்லாதீய அண்ணாச்சி. நான் கூரை போடுதவன்.”

வேலை எட்டு நாள் நடந்தது. பழைய சிமெண்ட் ஷீட்டை உடைக்க விடவில்லை. அதன் தூசு நெஞ்சுக்கு ஆகாது என்று தண்ணீர் அடித்து நனைத்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, முழுசு முழுசாக இறக்கினார்கள். சுவர் ஏறியது. இரும்புச் சட்டத்தை அங்கேயே வெட்டிப் பற்ற வைத்தார்கள். வெள்ளை பேனல்களை நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள், காற்று அடித்தால் ஆளையே இழுத்துக்கொண்டு போகும் அளவுக்கு அகலம். ஸ்க்ரூவைத் தகட்டின் மேட்டில்தான் அடித்தார் பேச்சிராஜ், பள்ளத்தில் ஒன்று கூட இல்லை. ஓர் ஆள் மறந்து பள்ளத்தில் அடித்ததைக் கழற்றி, அந்த ஓட்டையை அடைத்து, அதை எவாஞ்சலினைக் கூப்பிட்டுக் காட்டினார். “இது ஒண்ணு நடந்து போச்சு யக்கா, பாத்துக்கிடுங்க, ஒழுகுனா இங்கதான் ஒழுகும்.” அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் கம்பெனிக்கு இந்த மாதிரி சப்ளையர் ஒருத்தர் கிடைத்தால் ஆரத்தி எடுப்பார்கள்.

கத்திரி தொடங்குவதற்கு முதல் நாள் கூரை முடிந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு அறைக்குள் நின்றால் சபைக்குள் நிற்பது போல இருந்தது. எவாஞ்சலின் மண்டியிட்டு ஸ்தோத்திரம் சொன்னாள்.

மறுநாள் காலை ஜெபக்குமார் படுத்தான். தூக்கம் வரவில்லை.

அதற்கடுத்த நாளும் வரவில்லை. எத்தனையோ மாதம் அரை மணிக்கு ஒரு தரம் வேர்த்து எழுந்த உடம்பு, வேர்க்காதபோதும் எழுந்து உட்கார்ந்தது. குளிர்ந்த அறையில் அண்ணாந்து பார்த்தபடி கிடந்தான். மூன்றாம் நாள் அதிகாலை வசந்திடமிருந்து கட்டைவிரல் வரவில்லை. ‘அக்கா, அண்ணன் தள்ளாடறாரு, நான் பக்கத்துலயே நிக்கறேன்’ என்று வந்தது. எவாஞ்சலின் அதை இரண்டு தரம் படித்தாள். இத்தனை தேடி, இத்தனை பேரைப் பகைத்து, கூரை மாற்றி, கோளாறு கூரையில் இல்லையென்றால் எங்கே போவது? கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே பேச்சிராஜுக்குப் போன் போட்டாள். 

“அவரு தூங்கலைங்க. ரெண்டு நாளா.”

மறுமுனையில் ஏணியைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது.

“ஒழுகுதுன்னு போன் வந்திருக்கு யக்கா. பறந்துபோச்சுன்னு வந்திருக்கு. தூக்கம் வரலன்னு எனக்கு ஒரு போனும் வந்ததில்ல.” பிறகு சொன்னார், “சரி. மத்தியானம் வாரேன்.”

அன்றைக்கு நடந்ததைப் பிற்பாடு ஜெபக்குமார்தான் சொன்னான். பேச்சிராஜ் பன்னிரண்டரைக்கு வந்தார். எங்கேயாவது ஊசி அளவு வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க வேண்டுமென்று கதவைத் தாழ் போட்டு, ஜன்னலையும் சாத்தச் சொன்னார். இருட்டில் பாயை விரித்து மல்லாந்து படுத்து, கூரையை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் கண்ணால் தடவினார். “இந்த ஓரம் சரியா இருக்கு. நடு ஜாயிண்ட் சரியா இருக்கு. மேற்க...” என்று சொல்லிக்கொண்டே வந்தார். மேற்கில் என்ன என்று ஜெபக்குமார் காத்திருந்தான். பதிலுக்குக் குறட்டை வந்தது. எழுப்பலாமா என்று யோசித்தான். வெயிலில் கூரைமேல் உட்கார்ந்தே வாழ்கிற மனுஷன், பாவம், போகட்டும் என்று விட்டான். அந்தக் குறட்டை ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கப்புறம் தனக்கு ஒன்றும் தெரியாது என்றான்.

எவாஞ்சலின் இரண்டே முக்காலுக்கு வந்தாள். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினாள். கூப்பிட்டாள். பதில் இல்லை.  பக்கவாட்டில் ஓடி ஜன்னல் கதவை விரலால் நெம்பிப் பார்த்தாள்.

கீழே பாயில் பேச்சிராஜ், வாய் திறந்து, மார்பில் அளவு டேப்பு. மேலே கட்டிலில் ஜெபக்குமார், சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கி. வெளியே கத்திரி வெயில் கொளுத்துகிறது, உள்ளே அவன் போர்வையை இடுப்பு வரைக்கும் இழுத்துப் போர்த்தியிருக்கிறான்.

எவாஞ்சலின் ஜன்னலைச் சத்தமில்லாமல் மூடினாள். அப்போதுதான் தெருமுனையில் வெங்காய வண்டி திரும்பியது. மேலே கட்டிய ஸ்பீக்கர் ஊரையே எழுப்பிக்கொண்டு வந்தது. அவள் பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள். டிரைவர் பதறிப்போய் பிரேக் போட்டார்.

“அண்ணே, மைக்க ஆஃப் பண்ணுங்க. வூட்ல தூங்கறாங்க.”

“இந்நேரத்துலயா? யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?”

“ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. தூங்கறாரு.” சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “சும்மா தூங்கறாருண்ணே.”

டிரைவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரை நிறுத்தினார். வெங்காய வண்டி பள்ளிக்கூடத் தெருவை முழுக்க ஊமையாகக் கடந்து போனது. எவாஞ்சலின் வாசலில் சுவரோரத்து நிழலில் வந்து உட்கார்ந்தாள். காலை ஐந்து மணிக்குக் குடித்த காபிதான் வயிற்றில். சோறும் முருங்கைக்காய் குழம்பும் உள்ளே இருந்தன. ஐந்தரை மணி வரைக்கும் அவள் மறுபடி கதவைத் தட்டவே இல்லை.